அப்பாவின் ரயில் ஓடவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம் என்று எழுத ஆசைதான், ஆனால் அதில் பாதிதான் உண்மை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனிலேயே பேசியிருப்பேன். நான் உன்னோடு பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்து அறையில் ரேடியோவைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். பிறகு ஒன்றும் தெரியாதவர் போல, போனில் யார் என்று கேட்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்பாவுக்கு வரும் மாதக் கடைசியில் இருதயத்தில் ஆபரேஷன். பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். அப்பாவும் அதையேதான் சொல்கிறார், சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

போன வாரம் திடீரென்று, மாடி அறையில் இருக்கும் உங்கள் பொம்மை ரயிலை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். நீ போன பிறகு அந்த அறைப் பக்கமே போகாதவர். போர்வையை எடுத்ததும் எனக்குப் பழசெல்லாம் எழுந்து வந்துவிட்டது. தன் பல் கட்டும் பட்டறையில் பல் செட் அச்சுக்கு வைத்திருந்த பிளாஸ்டரைக் குழைத்து அப்பா செய்த மலை அப்படியே இருக்கிறது. அடிவாரத்தில் யாரோ வாடிக்கையாளரின் கடைவாய்ப்பல் பதிந்து கிடக்கிறது. பாறை என்று சொல்லி நம்மை ஏமாற்றினாரே, அதுதான்.

நீ எனக்குப் பாடம் எடுத்தது நினைவிருக்கிறதா? "எஞ்சினுக்குள்ள பேட்டரியே கிடையாதுக்கா. கரண்ட் ஒரு தண்டவாளத்துலேருந்து சக்கரம் வழியா ஏறும், மோட்டாரைச் சுத்த வச்சிட்டு, எதிர்ப்பக்கச் சக்கரம் வழியா அடுத்த தண்டவாளத்துல இறங்கிடும்" என்பாய். சக்கரங்களின் முதுகில் உரசிக்கொண்டிருக்கும் செம்புத் தகடுகளைக் காட்டி, இது தொடாவிட்டால் வண்டி வெறும் பொம்மை என்பாய். தண்டவாளம் கறுத்துக் கிடக்கிறதே என்று அம்மா ஒருநாள் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரால் பளபளவென்று தேய்த்து வைக்க, இழையெல்லாம் மோட்டார் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு புகை வந்துவிட்டது. நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாய். அப்பாதான் அம்மாவுக்கு வக்கீலாக வந்து, ஒவ்வோர் இழையாக இடுக்கியால் எடுத்துக் கொடுத்தார். அம்மா இல்லாத இந்த வீட்டில் அவள் அன்று சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

இந்தமுறை நான் கம்பி நாரைத் தொடவில்லை. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் தண்டவாளத்தையும் சக்கரங்களையும் துடைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி நன்றாகவே ஓடியது. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் அது அசையவே இல்லை. முன்விளக்குகூட எரியவில்லை. "எனக்கு இதெல்லாம் என்னம்மா தெரியும், வயர் பண்ணினவனைத்தான் கேக்கணும்" என்று உன்னைச் சாடையாகச் சொல்லிக் கையை விரித்துவிட்டார். இவருக்குத் தெரியாதாம். ஊரில் பாதிப்பேருக்குப் பல் கட்டிக் கொடுத்த கை.

அவர் குளிக்கப் போன நேரத்தில் எஞ்சினைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு பக்கத்துத் தகடுகள் எல்லாம் சக்கரத்தைத் தொடாமல் ஒரே அளவாகப் பின்னால் வளைந்திருந்தன. தானாக வளைந்தால் அவ்வளவு ஒழுங்காக வளையாது. முனைகளில் அப்பாவின் இடுக்கி பட்ட தடம். பட்டறை வேலை வேண்டாம் என்று நீ கிளம்பிய அன்று, இனி என் வாசலை மிதிக்காதே என்று சொன்ன வாய், இப்போது வா என்று சொல்லக் கூசுகிறது போலிருக்கிறது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன் தம்பி. கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

நகத்தால் அழுத்தினால் தகடு சரியாகிவிடும். நான் தொடப்போவதில்லை. உன்னைக் கேட்டு எழுதுவதாக அவரிடம் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து தினமும் மாடியைக் கூட்டச் சொல்கிறார்.

லீவு கேள். கொடுக்காவிட்டாலும் ஆபரேஷனுக்கு முன்னால் வந்துவிடு. வந்து, எஞ்சினைக் கையில் எடுத்த உடனே பழுதைக் கண்டுபிடித்துவிடாதே. உனக்கும் ஒன்றும் புரியாதது போல நிதானமாகத் தேடு. இடுக்கி வேண்டும் என்று அவரிடமே கேள்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

வழி பார்த்திருக்கும்
உன் அக்கா