இவருக்குள் கடோலினியம்

9 ஜூன் 2025, திங்கள்
கருங்கல் சந்தையில் பக்கத்தில் நின்று மூன்று முறை கூப்பிட்டேன். இவர் பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தார். இடது காதில் ஆறு மாதமாகவே இப்படி. கேட்டால், "சந்த எரைச்சலு" என்கிறார். வீட்டிலுமா சந்தை?

14 ஜூன், சனி
நாகர்கோவிலில் காது டாக்டரிடம் காட்டினோம். 'ஞானசிங், வயது 58' என்று சீட்டில் எழுதினார்கள். கேட்கும் நரம்பில் கட்டி இருக்கலாமாம். ஸ்கேனுக்கு முன்னால் ஊசியில் கடோலினியம் ஏற்றுவார்கள். கட்டி இருந்தால் அது அங்கே தங்கி வெள்ளையாகத் தெரியும்.

கடோலினியம்! லாந்தனைடு வரிசையில் எட்டாவது. பிளஸ் டூவுக்கு இருபத்தாறு வருடமாக வேதியியல் நடத்துகிறேன். அந்த வரிசையை மட்டும் ஒழுங்காக நடத்தியதே இல்லை. "ரெண்டு மார்க்குதான், விட்டுருங்க." சொன்ன வாய் இது.

17 ஜூன், செவ்வாய்
மதிய இடைவேளையில் ஒளிந்து உட்கார்ந்து அந்தப் பாடத்தைப் படித்தேன். ஏழு ஆர்பிட்டாலிலும் ஒவ்வொரு எலக்ட்ரான், ஒன்றுக்கும் ஜோடி கிடையாது. அதனால்தான் அவ்வளவு காந்த குணம். தனியாக விட்டால் உடம்புக்கு விஷம். வேறொரு மூலக்கூறு சுற்றிப் பிடித்துக்கொண்டால் சமர்த்தாக வந்த வழியைப் பார்த்துப் போய்விடுமாம். என்னையும் இவர் அப்படித்தான் வைத்திருக்கிறார்.

19 ஜூன், வியாழன்
ஸ்கேன் எடுக்கப் போனோம். ஊசி போட்டவள் சுபிதா, என் பழைய மாணவி! "டீச்சர், இது எஃப் தொகுதி. ரெண்டு மார்க்குதான்னு நீங்க விட்டுட்டிய. நான் இங்க வந்துதான் படிச்சேன்." வெட்கத்தில் சிரித்து வைத்தேன். இவர் படுத்தபடியே, "டீச்சருக்கும் கொஞ்சம் சொல்லிக் குடு மக்களே" என்றார்.

ஸ்கேன் அறைக் கதவு சாத்தியதும் அழுதுவிட்டேன். கர்த்தாவே, அது எங்கயும் தங்கப்பிடாது. எனக்கு இந்த ஆளு வேணும் — காது கேட்டாலும் கேக்காட்டியும் வேணும்.

20 ஜூன்
ரிப்போர்ட் வரவில்லை. ரசத்தில் இரண்டு முறை உப்புப் போட்டிருக்கிறேன். அதையும் குடித்து முடித்தார்.

23 ஜூன், திங்கள்
தங்கியிருக்கிறது. பயறு அளவு ஒரு வெள்ளைப் புள்ளி. புற்று இல்லை, மெதுவாக வளரும் வகை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் போதுமாம். இடது காதில் போனது போனதுதான். "இன்னொண்ணு இருக்குல்லா" என்று டாக்டரையே தேற்றினார்.

26 ஜூன், வியாழன்
முதல் பாடத்தை விட்டுவிட்டு நேராக லாந்தனைடுக்குத் தாவினேன். அபினேஷ் எழுந்து, "டீச்சர், இது பரீச்சைக்கு வருமா?" என்றான். "வீட்டுக்கு வரும்ல" என்றேன்.

29 ஜூன், ஞாயிறு
ஆலயத்துக்கு நடந்து போனோம். எப்போதும் ரோட்டின் இடது ஓரத்தில், வண்டி போகும் பக்கம் இவரும் உள்பக்கம் நானுமாக நடப்போம். அப்படி நடந்தால் நான் இருப்பது கேட்காத காதுப் பக்கம். இன்று சட்டென்று வலப்பக்கம் மாறிக்கொண்டேன்.

இவர் நின்றுவிட்டார். "ஏட்டி, வண்டி போற பக்கம் நீ நடக்கியா?"

"அந்தப் பக்கம் நின்னு நான் யாருகிட்ட பேச?"

என் கையைப் பிடித்து ரோட்டைக் கடந்து எதிர் ஓரத்துக்குக் கூட்டிப் போனார். இப்போது நான் உள்பக்கம், நல்ல காதுக்கு நேராக. வண்டிப் பக்கம் மறுபடியும் இவர்.

"அந்தக் காதுல ஹாரன் கேக்காதே உங்களுக்கு?"

"எதிர வாற வண்டி கண்ணுக்குத் தெரியும்லா. நீ பேசு."

ஆலய வாசல் வரை பேசிக்கொண்டே போனேன்.