பின்பக்கப் படி, இரண்டாம் மாடி

தி. நகர்,
14.8.1999

அன்புள்ள தம்பி பாலகணேஷுக்கு,

அக்காள் பங்கஜம் எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம். சிந்துவும் நலம். இதை நன்றாக மனதில் வாங்கிக்கொண்டு அப்புறம் மேலே படி. பாதியில் போனைத் தூக்காதே, நான் சொல்லி முடிக்க வேண்டும்.

ஏன் ஈமெயில் இல்லை என்று கேட்பாய். இங்கே அதை அடிக்கிறவள் சிந்து. அவளைப் பற்றிய சேதியை அவளையே அடிக்கச் சொல்வதா? எனக்கோ அந்தப் பெட்டியில் ஓர் எழுத்தைத் தேடுவதற்குள் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துவிடலாம்.

ஆடி வியாபாரம் ஜோர். நீ போட்டுக் கொடுத்த இன்டர்நெட் பக்கத்தைப் பார்த்து நியூஜெர்சியிலிருந்து பதினோரு பட்டுப் பாவாடை கேட்டிருக்கிறார்கள். உன் அத்தான் அந்த ஈமெயிலைத் தாளில் எடுத்து, கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி உயிரை வாங்குகிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரலில் நம் கடைப் பேரை இன்டர்நெட்டில் பதிவு செய்ய ஒரு படிவம் நிரப்பினாய். பேர், விலாசம், போன் எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும், பொய் என்று தெரிந்தால் பதிவையே பிடுங்கிவிடுவார்கள் என்றாய். ஈமெயில் பார்க்கிறவள் அவள்தானே என்று சிந்துவின் பேரைப் போட்டாய். கூரியர்க்காரன் அலையக்கூடாதே என்று "பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச் சந்து, பின்பக்கப் படி, இரண்டாம் மாடி" என்று நம் வீட்டு விலாசத்தை விலாவாரியாக எழுதினாய். உலகத்தில் யார் கேட்டாலும் அதை அப்படியே எடுத்துக் காட்டுவார்கள் என்பது எனக்குச் செவ்வாய்க்கிழமைதான் தெரிந்தது.

செவ்வாய் காலை பதினொரு மணிக்குச் சுயம்புராஜ் வந்தான். ஆமாம், சிந்துவின் புருஷன்தான். அவன் குவைத்தில் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. பெங்களூரில் அதே கம்ப்யூட்டர் கம்பெனியில்தான் இருக்கிறான். இரண்டு வருஷமாக உன்னிடம் பொய் சொன்னவள் நான். அவன் அவளுடைய இடது கையை முறித்தான், தம்பி. மாற்றுப் புடவை இல்லாமல் பஸ் ஏறி என்னிடம் வந்தாள். அவன் கண்ணில் படாமல் மாடியிலேயே வைத்துக்கொண்டேன். பெரியக்காள் போனபிறகு அவள் பெண் சிந்துவுக்குத் தாய்மாமனாக நின்று, மாப்பிள்ளை தேடிக் கல்யாணம் பண்ணி வைத்தவன் நீ. தெரிந்தால் கண்காணாத ஊரில் தனியாகக் கிடந்து உடைந்துபோவாய் என்று மறைத்தேன். சொல்லியிருந்தால் அவள் பேரை நீ எழுதியிருப்பாயா? தப்பு என்னுடையது. உன்மேல் துளிகூட இல்லை.

கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு அவள் பேரைத் தட்டிப் பார்த்திருக்கிறான், அத்தனையும் வந்து விழுந்திருக்கிறது. அதைத் தாளில் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவரிடமும் வழி கேட்காமல் பின்பக்கப் படியில் ஏறிவிட்டான் சண்டாளன். நான் அடுத்த தெருவில் கடையில் இருந்தேன். அவள் மட்டும் மாடியில். கிளம்பு என்று கையைப் பிடித்திருக்கிறான், அந்த இடது கையையே.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். மேலிருந்து கஜக்கோலால் தரையை மூன்று தட்டுத் தட்டினால், கீழ்மாடியில் தைக்கிற மாஸ்டர் அளவு எழுத வர வேண்டும். சிந்து வலது கையால் கோலை எடுத்துத் தட்டினாள். மூன்றா, முப்பது இருக்கும். மெஹபூப் அலி மாஸ்டர் நான்கு தையல்காரர்களோடு மேலே வந்து, "இன்னா நைனா, பொம்பள கையப் புட்ச்சிக்கினு கீறே? வுடு. கீழ வா, பேசிக்கலாம்" என்றாராம். ராயப்பேட்டைக் குரல், கேட்க வேண்டுமா! விட்டுவிட்டான்.

சேதி கேட்டு நான் ஓடிவந்ததும், நேரே மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். புகாரை நான் எழுதவா என்றேன். "என் கை சரியாத்தான் இருக்கு சித்தி" என்று சொல்லி அவளே எழுதினாள். இனி வரமாட்டேன் என்று அவன் எழுதிக் கொடுத்திருக்கிறான். அந்தக் காகிதத்தை நான் நம்பவில்லை, மாஸ்டரை நம்புகிறேன். வக்கீல் ஜெயபாரதியம்மா விவாகரத்துக்கு மனு தயார் செய்கிறார். நமக்கு ஒரு பயமும் இல்லை.

படிவத்தில் என் பேரைப் போடச் சொல்கிறேன் என்றேன். சிந்து ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "அவனுக்குத் தெரிஞ்சாச்சு. இனிமே யாருக்கு ஒளியணும்? என் பேரு இருக்கட்டும்" என்கிறாள். எனக்கு அழுகையும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஆகவே விலாசத்தைக் கடை விலாசமாக மாற்று. போனும் கடை போன். அங்கே எந்நேரமும் பத்துப் பேர் இருப்போம், வருகிறவன் வரட்டும். பொய் விலாசம் மட்டும் வேண்டாம். பொய் சொல்லி நான் பட்டது போதும்.

இன்னொன்று. அவன் கொண்டுவந்த தாளில் "சிந்து சுயம்புராஜ்" என்று இருக்கிறது. ஊரைக் கூட்டி அந்த இரண்டு பேரையும் சேர்த்து வைத்தவன் நீ. உன்னை யாரும் குறை சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. வேளைக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள். நம் செந்தூர் முருகன் உனக்குத் துணை இருப்பான்.

அந்த இரண்டாவது பேரை மட்டும் உன் கையாலேயே அழித்துவிடு, தம்பி.

என்றும் உன் நலம் வேண்டும்,
அக்காள் பங்கஜம்