பொத்தானுக்கு நாலு விரல் மேலே

மச்சான்,

மேசையில் ஒரு சின்ன ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீர்ப் போத்தல் இருக்கிறது. உன் மனைவி தந்தது. நம்முடைய கணினிக் கடையைத் திறந்ததும் மூடியைக் கழற்றி மணந்து பார்த்தேன். சரஸ்வதி பூசைக்கு அடுத்த நாள் காலை அப்படியே வந்து நின்றது. மற்ற நாட்களில் ஒன்பதரைக்கு முன் உரும்பிராய்ச் சந்தியையே எட்டிப் பார்க்காத நீ, அந்த ஒரு நாள் மட்டும் எனக்கு முதல் வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பாய். கையெல்லாம் இந்த வாசம்.

"என்னடா, மாப்பிளை மாதிரி மணக்கிறாய்?" என்று வருடா வருடம் கேட்டேன்.

"பெண்சாதி பூசிவிட்டவள். உனக்கேன் எரியுது?" என்று வருடா வருடம் சொன்னாய்.

அது பொய் என்று போன வியாழக்கிழமைதான் தெரிந்தது. அந்த நேரம் தொட்டு எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. கோபிப்பதா, அழுவதா என்றுகூட முடிவெடுக்க முடியாமல் திரிகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கேள்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆராதனை வைக்கிறோம், அதற்கு ஒரு நினைவு மலர் வேண்டும் என்று உன் மனைவி வந்து கேட்டார். கேட்கவும் வேண்டுமா? ஊரில் செத்தவர்களில் பாதிப்பேருக்கு மலர் அடித்த மேசையல்லவா இது. நீ தட்டச்சுச் செய்வாய், நான் பிழை பார்ப்பேன். "டேய், நாலு வருசம் வேலிக்கு வழக்காடின பக்கத்து வீட்டுக்காரர் எழுதியிருக்கிறார். வாசிச்சுப் பார், கண்ணீர் வருது," என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். உன்னுடைய மலரையும் இந்த மேசையில் செய்யாவிட்டால் நான் என்ன மனிதன்?

ஆனால் நம்முடைய பழைய கணினி போன மாரி மழையோடு கண்ணை மூடிவிட்டது. ஆகவே யாழ்ப்பாணம் போய்ப் புதிது ஒன்று வாங்கி, ஓட்டோவில் மடியில் வைத்துக் கொண்டு வந்தேன். கறுப்புப் பெட்டி. முகப்பிலே ஒரு பெரிய பொத்தான், அதன் கீழே குண்டுமணி அளவில் இன்னொரு பொத்தான். முகம் கழுவி, திருநீறு பூசி, புதுச் சாமானுக்குச் செய்கிறதை முறைப்படி செய்தேன். சந்தனம், குங்குமம், ஒரு தேசிக்காய், கற்பூரம். அன்றைக்கு அது ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. உன்னைப் பற்றி நான் எழுதவேண்டிய இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன்.

அடுத்த நாள் காலையில் பிடித்தது சனியன். பொத்தானை அமத்தினால் விசிறி சுற்றுகிறது, கம்பனியின் பெயர் திரையில் வருகிறது, புள்ளிகள் வட்டமாக ஓடத் தொடங்குகின்றன, பிறகு பொக்கென்று இருட்டு. திரும்ப விசிறி, திரும்பப் பெயர், திரும்பப் புள்ளி, திரும்ப இருட்டு. நான் கை வைக்கவே தேவையில்லை. தானாக எழும்பித் தானாக விழுந்துகொண்டிருந்தது. சிலவேளை புள்ளிகள் ஏழெட்டுத் தரம் சுற்றும். "வா, வா, வந்திடு ராசா," என்று கெஞ்சுவேன். அந்த நேரம் பார்த்து இருட்டும்.

கறண்ட்தான் பிழை என்று எனக்குச் சந்தேகமே இல்லை. ஏன் தெரியுமா? நாம் கடை தொடங்கிய முதல் வருடம், பூசை முடிந்த மறுநாள், நம்முடைய முதல் கணினி இதே கூத்தைத்தான் ஆடியது. நீ ஒரு பகல் முழுவதும் அதோடு மாரடித்தாய். பின்னேரம் போல, "கறண்ட் பிழை மச்சான், சரியாக்கிப்போட்டன்," என்றாய். நான் அதை வேதவாக்காக வைத்திருந்தேன். அதனால் வயர்க்காரரைக் கூப்பிட்டுச் சுவர்ப் பிளக்கை மாற்றுவித்தேன். அவர் மீற்றரை வைத்துப் பார்த்து, "அண்ணை, கறண்ட் வடிவாய் வருது," என்றார். "உங்களுக்குத் தெரியாது," என்று அவரோடு சண்டைக்குப் போனேன். சந்தியில் உள்ள மருந்துக்கடையில் யூபிஎஸ் இரவல் வாங்கி வந்து பூட்டினேன். கணினி யூபிஎஸ்ஸிலும் அதே ஆட்டம் ஆடியது.

பிறகு உன் ஸ்குறூ டிறைவரை எடுத்தேன். பிடியில் சைக்கிள் ரியூப் சுற்றிய அதேதான். மூடியைக் கழற்றி, நீ செய்வது போல நினைவகத் தகட்டை உருவி, பொன்னிற ஓரத்தை அழிறப்பரால் தேய்த்து, திரும்பச் செருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. யாராவது பழுதான கணினியோடு வந்தால் நீ முதலில் கேட்கும் கேள்வி நினைவுக்கு வந்தது. "கடைசியாய் என்ன செய்தனீங்கள்?" அவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "ஒண்டும் செய்யேல்லை." நீ என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாய். நானும் அன்றைக்கு என்னையே கேட்டுப் பார்த்தேன். கடைசியாக என்ன செய்தேன்? சத்தியமாக மச்சான், ஒன்றும் செய்யவில்லை.

திரும்ப ஓட்டோ, திரும்ப யாழ்ப்பாணம். விற்ற கடையில் ஒருவர், நம்முடைய வயதுக்காரர்தான், பெட்டியைப் பக்கவாட்டில் திறந்தார். முகப்பிலிருந்து வரும் சின்ன வயர்களை எல்லாம் கழற்றி ஒதுக்கிவிட்டு, உள்ளே இரண்டு ஊசிமுனைகளை ஸ்குறூ டிறைவரால் தொட்டார். கணினி எழும்பியது. புள்ளிகள் சுற்றின. திரை நீல நிறமாக வந்து, நான் எழுதிய பக்கம் உட்பட எல்லாவற்றையும் காட்டியது. இரண்டு மணித்தியாலம் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடியது.

"இதிலை ஒரு பிழையும் இல்லை அண்ணை. உங்கடை கடைக் கறண்டைப் பாருங்கோ."

"முன்பக்கத்தையும் ஒருக்கால் பாக்கமாட்டியளோ?"

"பொட்டெல்லாம் வைச்சிருக்கிறியள். சாமி வைச்ச பக்கம், நான் தொடேல்லை," என்று சொல்லி, முகப்பை மேசையில் உரசாமல் பக்குவமாகத் திருப்பி, வயர்களை முன்போலவே பூட்டித் தந்தார். நல்ல மனிதர் என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டு வந்தேன்.

கடைக்கு வந்து பூட்டினால் விசிறி, பெயர், புள்ளி, இருட்டு.

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. அங்கே ஓடுகிறது, இங்கே ஓடாதாம். அப்படியென்றால் பிழை இந்த இடத்திலா? இந்த மேசையிலா? ஒருவேளை உனக்குத்தான் இந்த மலர் பிடிக்கவில்லையோ என்றுகூட யோசித்தேன். சிரிக்காதே. உன்னுடைய கதிரையைப் பார்த்து, "விருப்பமில்லையெண்டால் சொல்லித் தொலையன்ரா," என்று வாய்விட்டே பேசினேன். புதன்கிழமை முழுவதும் கடை பூட்டியபடி கிடந்தது. அச்சகத்தில் வெள்ளி மத்தியானத்துக்கு முன் தரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தவறினால் ஞாயிற்றுக்கிழமை உன் மனைவி வெறுங்கையோடு சபைக்கு முன் நிற்பார். வேறு கடையில் புதிதாகத் தட்டச்சுச் செய்து முடித்திருக்கலாம். ஆனால் என் பிடிவாதம் உனக்குத் தெரியும். உன்னை இன்னொருவனுடைய மேசையில் போட மனம் வரவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிபோல் உன் மனைவி வந்தார். பருத்தித்துறையில் உன் தமக்கையைப் பார்த்துவிட்டு வந்த பஸ் களைப்பு முகத்தில் தெரிந்தது.

"வாரும் தங்கச்சி, இரும்," என்றேன். எனக்கு அவரின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"மலர் முடிஞ்சுதோ அண்ணை?"

"எங்கை முடியிறது? உதைப் பாரும்." கணினியைப் போட்டுக் காட்டினேன். அது தன் கூத்தை ஒழுங்காக ஆடிக் காட்டியது.

அவர் திரையைப் பார்க்கவேயில்லை. குனிந்து பெட்டியின் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணை, உதென்ன அந்தச் சின்னப் பொத்தானிலை?"

"எது?"

"வழிஞ்சு காய்ஞ்சு கிடக்குதே, உது."

"சந்தனம். புதுச் சாமான் எல்லே, பொட்டு வைச்சனான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, நீ போன பிறகு முதல்தரமாக, வாய்விட்டுச் சிரித்தார். "ஐயோ அண்ணை! இவர் இல்லாட்டி உங்களுக்கு உதைத் துடைக்க ஆரிருக்கினம்?"

"என்னத்தைத் துடைக்கிறது?"

அவர் கைப்பையிலிருந்து இந்தப் போத்தலை எடுத்து, கைலேஞ்சியின் நுனியை நனைத்து, அந்தக் குண்டுமணிப் பொத்தானைச் சுற்றித் துடைத்தார். கொண்டை ஊசியால் மெல்ல நெம்பினார். டிக் என்று பொத்தான் வெளியே வந்தது. இத்தனை நாளும் அது பாதி உள்ளே போய் இறுகிக் கிடந்திருக்கிறது. விசிறி சுற்றும் அதிர்வில் உள்ளே முட்டும்போதெல்லாம் கணினி, யாரோ தன்னைத் திரும்பத் தொடங்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து, சொன்னபடி செய்திருக்கிறது. யாழ்ப்பாணக் கடைக்காரர் அந்தப் பொத்தானின் வயரையும் சேர்த்துக் கழற்றியதால்தான் அங்கே சொகுசாக ஓடியிருக்கிறது.

"இப்ப போடுங்கோ," என்றார்.

ஓடியது.

"உமக்கு உது என்னெண்டு தெரியும் தங்கச்சி?"

"முதல் வருசம் ஒருநாள் முழுக்க இவர் மண்டையை உடைச்சுப்போட்டு வந்து சொன்னவர். அதுக்குப் பிறகு ஒவ்வொரு வருசமும், பூசைக்கு அடுத்த நாள், வெள்ளனவே என்ரை ஓடிக்கொலோனையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்திடுவார். பொத்தானைத் துடைச்சுப்போட்டு, நீங்கள் வரமுந்தித் தானே திரும்பவும் பொட்டு வைப்பாராம். கொஞ்சம் மேலை தள்ளி."

"ஆர்? அவனோ? சேர்ச்சுக்குப் போறவன் பொட்டு வைச்சவனோ?"

"ஓம் அண்ணை. என்ரை அம்மா அறிஞ்சிருந்தால் வீட்டுக்குள்ளை விட்டிரா."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே."

"நானும் அதைத்தான் கேட்டனான். 'அவன் கும்பிட்டு வைக்கிறான். அதை நான் என்னெண்டு பிழையெண்டு சொல்லுறது' எண்டவர்."

நான் திரைப்பக்கம் திரும்பினேன். நான் எழுதிய பக்கம் திறந்தபடி கிடந்தது. உன் மனைவி குனிந்து முதல் வரியை மெதுவாக வாசித்தார். "இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் ஒரு விடயத்தையும் மறைக்காத நண்பன்." வாசித்து முடித்து, கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்தார். அதிலும் ஓடிக்கொலோன், எரிந்திருக்கும்.

"அண்ணை, உதை மாத்துங்கோ," என்றார்.

அவர் போன பிறகு நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், கதவைச் சாத்திவிட்டு அழுதேன். அழுதுகொண்டே உன்னை ஏசினேன். பொட்டு கொஞ்சம் மேலே ஏறியிருப்பதை நானும் பார்த்திருக்கிறேன் மச்சான்! தொடங்கும் இடத்தில்தான் வைக்கவேண்டும் என்று பொத்தானை ஒட்டி வைக்கிறேன், மறுநாள் அது வேறிடத்தில் இருக்கிறது. என் கண்தான் பிழை என்று நினைத்து இரண்டுதரம் கண்ணாடி மாற்றினேன். நீயும் கூட வந்து, "உந்தச் சட்டம் உனக்கு வடிவாய் இருக்கு," என்று தேர்ந்தெடுத்துத் தந்தாயே, படுபாவி.

ஒவ்வொரு காலையும் கடையைத் திறந்ததும் அந்தப் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றித்தான் வேலை தொடங்கினேன். அப்படியென்றால் இவ்வளவு காலமும் நான் கும்பிட்டது நான் வைத்த பொட்டையா, நீ வைத்த பொட்டையா? அதைவிட இன்னொன்று கிடந்து குடைகிறது. இந்தப் பொத்தானைப் போல என்னுடைய பிழைகள் வேறு எத்தனையை நான் வரமுந்தித் துடைத்து வைத்தாய்? நான் சண்டை பிடித்து அனுப்பிய ஆட்கள் இரண்டு நாளில் சிரித்துக்கொண்டு திரும்பி வருவார்களே, அதுவும் உன் வேலையா? என்னுடைய கெட்டித்தனம் என்று நான் நினைத்திருந்ததில் எது என்னுடையது? கேட்க நீ இல்லை. உன் மனைவியிடம் கேட்கப் பயமாக இருக்கிறது.

முதல் வரியை அழித்தேன். பத்துத்தரம் வேறு வரி எழுதி, பத்துத்தரமும் அழித்தேன். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, இனி அச்சகத்துக்கு ஓடாவிட்டால் நேரம் முடிந்துவிடும் என்ற அந்தரத்தில், வந்ததைத் தட்டினேன். "பூசைக்கு அடுத்த நாள் இவன் எனக்கு முதல் கடைக்கு வருவான்." அப்படியே அச்சாகிவிட்டது.

நேற்று ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது ஆளாளுக்கு மலரை விரித்துக்கொண்டு வந்து, "உதென்ன அண்ணை, முதல் வரி விளங்கேல்லையே," என்றார்கள். உன் தமக்கையும் கேட்டார். "எனக்கும் வடிவாய் விளங்கேல்லை," என்று உண்மையைச் சொன்னேன். உன் மனைவி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. வெளிக்கிடும்போது இந்தப் போத்தலை என் கையில் வைத்து, "கடையிலை இருக்கட்டும்," என்றார்.

இன்று காலை கடையைத் திறந்தேன். பஞ்சை நனைத்து, அந்தச் சின்னப் பொத்தானை இன்னொருதரம் துடைத்தேன். பிறகு சந்தனம் தொட்டு, உன் விரல் போன வழி எதுவாக இருக்கும் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்று, பொட்டு வைத்தேன். பொத்தானுக்கு நாலு விரல் மேலே. நீ வைக்கிற இடத்தில்.