அரசி அல்லாத ஆக்னஸை வாசலறையிலேயே வைத்திருக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
பிலிப்பா ஸ்கோய்ல்ஸ்,
வார இறுதி வழிகாட்டி,
வென்ஹோல்ட் மாளிகை, நார்ஃபோக்.

பெறுநர்:
ஓவியப் பிரிவு இயக்குநர் அவர்கள்,
மாவட்ட அருங்காட்சியகத் துறை.

பொருள்: வாசலறைப் பெண் உருவப்படத்தைக் கிடங்குக்கு அனுப்பும் ஆணையை நிறுத்திவைப்பது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. மேற்படி படத்தின் கீழ் நூறாண்டுகளாக ‘அரசி ஆன் போலின்’ என்றிருந்தது. மார்பில் உள்ள முத்துப் பதக்கமே ஆதாரம். கடந்த மார்ச்சில் தங்கள் நிபுணர்கள் படம் வரையப்பட்ட பலகையின் மர வளையங்களை எண்ணினார்கள். அரசி 1536இல் சிரச்சேதம் செய்யப்பட்டு இறந்து பத்தாண்டு கழித்து வெட்டப்பட்ட மரம். பெயர்ப்பலகை ‘அடையாளம் தெரியாத பெண்’ என்று மாறியது. அடையாளம் தெரியாதவர்கள் கிடங்குக்குப் போக வேண்டும் என்பது விதி. வரும் 14ஆம் தேதி வண்டி வருகிறது.

2. கடந்த ஞாயிறு, ஆராதனை முடிந்து, எங்கள் தேவாலயத்தில் தேநீர்ப் பாத்திரம் கவிழ்ந்தது. தேவாலயத்தையும் மாளிகையையும் துப்புரவு செய்யும் திருமதி மேபல் லார்ட்டர் நனைந்த கம்பளத்தைச் சுருட்டினார். அடியில், தரையில் பதித்த ஒரு கல்லறைப் பித்தளைத் தகடு. அதில் ஒரு வணிகக் குறி: தலைகீழ் இதயம், அதன்மேல் சிலுவை. அக்காலத்தில் கம்பளி மூட்டைகளில் இடுவது.

3. திருமதி லார்ட்டர் சொன்னது அப்படியே: “இதத்தானே வாரா வாரம் ராணியோட கட்டவிரல் மோதிரத்துல பாக்குறேன்.”

பாதிரியார் பன்: “அப்ப இத்தன வருஷமா ராணி தலமேலயா டீ குடிச்சோம்?”

“ராணி இல்லீங்கய்யா, கம்பளிக்காரி. அந்தக் கையப் பாத்தாலே தெரியல?”

4. தகட்டில் உள்ள பெயர் ஆக்னஸ் தர்க்கெட்டில். கம்பளி வணிகர் வால்டரின் விதவை. இறந்தது 1561. கணவன் இறந்தபின் அவன் முத்திரை மோதிரத்தைப் போட்டுக்கொண்டு வியாபாரத்தை இவரே நடத்தியிருக்க வேண்டும். நிபுணர்கள் பதக்கத்தை அரண்மனை நகைப் பட்டியல்களில் தேடினார்கள். கட்டைவிரலை யாரும் பார்க்கவில்லை. தேவாலயம் இருநூறு அடி தூரத்தில் இருக்கிறது.

5. என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு ஆண்டுகள் பார்வையாளர்களிடம் ‘மரணத்தை எதிர்நோக்கும் விழிகள்’ என்று விளக்கினேன். சிலர் அழுதார்கள். திங்கட்கிழமை மீண்டும் பார்த்தேன். முகம் அதேதான். எடை சரியா என்று பார்க்கிற முகம். உதட்டோரம் சிரிப்பு.

6. அவர் அரசி இல்லை என்பதை மறுக்கவில்லை. அதனால் யாருமே இல்லாதவராகிவிடுவாரா என்பதே என் கேள்வி.

ஆகவே, தகட்டையும் மோதிரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும்வரை படத்தை அகற்றாதிருக்கவும், குறி பொருந்தினால் அவர் பெயரையே எழுதவும் வேண்டுகிறேன். தகட்டின்மேல் தாள் வைத்துத் தேய்த்தெடுத்த மைப்படி இணைக்கப்பட்டுள்ளது. ஓரத்திலுள்ள கறை தேநீர்.

தேநீர் மேசையைச் சுவரோரம் நகர்த்திவிட்டோம். தாங்கள் நேரில் வந்தால் ஆக்னஸை மிதிக்காமல் ஒரு கோப்பை அருந்தலாம்.

இடம்: வென்ஹோல்ட்
நாள்: 4.6.2019

தங்கள் உண்மையுள்ள,
பிலிப்பா ஸ்கோய்ல்ஸ்

சாட்சி: மேபல் லார்ட்டர் (கட்டைவிரலை முதலில் பார்த்தவர்)