எரிமலையைத் துடைத்தவள்

நேற்று மகள் குதிக்கால் தேய்க்கும் கல் ஒன்று வாங்கி வந்தாள். வாளித் தண்ணீரில் விழுந்த கல் மிதந்தது. ஈரச் சாம்பல் போல ஒரு வாசம் எழுந்தது. "அம்மா, திஸ் இஸ் ஸோ வியர்ட், கல்லு மிதக்குது" என்றாள். சிநேகிதி, நீர் இருந்திருந்தால், "உது எரிமலை துப்பின நுரையப்பா" என்று தொடங்கியிருப்பீர்.

பிக்கரிங்கில் நாம் வேலை செய்த, பாறை மாதிரிகளை வெட்டும் ஆய்வுகூடத்துக்கு நான் வோபர்னிலிருந்து காரில் போவேன், வழியில் உம்மை ஏற்றுவேன். ஊரில் புவிச்சரிதவியல் படித்துப் பட்டம் வாங்கிய நீர், கனடிய அனுபவம் இல்லையென்று என்னோடு நின்று கல் கழுவினீர். அதற்காக ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. உமக்கும் சேர்த்து நான்தான் கோபப்படுவேன்.

பிறகு எக்குவடோரிலிருந்து கொட்டோபாக்சி எரிமலை வந்தது. மலைச்சரிவில் குழி தோண்டி, அதன் சுவரில் மூன்று நீளத் தகரத் தட்டுகளை அடித்து இறக்கி, அடுக்கடுக்கான மண்படைகள் குலையாமல் வெட்டி அனுப்பியிருந்தார்கள். எரிகுழம்பும் சாம்பலும் மாறிமாறிப் படிந்தே உயர்ந்த மலை அது. சாப்பாட்டு நேரத்திலும் நீர் தட்டுகளின் முன்னால்தான் நிற்பீர். "இஞ்ச பாரும், இந்த வெள்ளைப் படை பெரிய வெடிப்பு. இந்தக் கறுப்பு மண், மலை நித்திரை கொண்ட காலம். புல்லு முளைச்சு உக்கியிருக்கு." உச்சியில் நெருப்பு எழும்பினால் பனி உருகிச் சேறும் கல்லுமாய்ப் பள்ளத்தாக்கில் இறங்குமாம். ஏறக்குறைய நூற்றைம்பது வருடங்களுக்கு முன் அப்படி இறங்கிய வெள்ளம் ஊர்களையே அள்ளிப் போனதை நீர் சொல்லி முடிக்கும்போது என் சோறு ஆறிவிடும். அடுத்த பயணத்தில் உம்மையும் கூட்டிப்போவதாக, அந்த மலையை ஆராயும் ஆய்வாளர் சொல்லியிருந்தார். மலை ஏறச் சப்பாத்தும் வாங்கி வைத்திருந்தீர்.

அதைக் கெடுத்தது என் துணி. வெள்ளிக்கிழமை வீட்டில் தூசி கிடந்தால் என் அம்மா ஒருவரையும் சாப்பிட விடமாட்டார். அந்தப் புத்தி வேலைத்தலத்துக்கும் கூடவே வந்திருந்தது. ஒரு வெள்ளி காலை மூன்று தட்டுகளின் தகரத்தையும் ஈரத்துணியால் பளபளவென்று துடைத்தேன். எது மேற்பக்கம் என்று பேனையால் போட்டிருந்த அம்புக்குறிகளும் சேர்ந்து போயின.

நீர் ஓடிவந்து பார்த்தீர். பாரமான கல் முதலில் விழும், தூள் பிறகுதான் படியும் என்று படைகளைப் பார்த்தே இரண்டு தட்டுகளை நிமிர்த்திவிட்டீர். மூன்றாவது முழுக்கச் சேற்று வெள்ளம் கொண்டுவந்தது. பெரிய கல்லும் தூளும் ஒன்றாய்க் குழம்பிக் கிடந்ததில் தலை எது கால் எது என்று உமக்கும் தெரியவில்லை.

"வாயைத் திறவாதேயும்," என்றீர். "உமக்கு இன்னும் புரொபேசன் காலம் முடியேல்லை, வேலையால நிப்பாட்டிப்போடுவினம். நான் துடைச்சிட்டன் எண்டு சொல்லுறன்."

"உம்மட பயணம்?"

"மலை எங்க ஓடப்போகுது?"

ஆய்வாளர் உம்மைத் திட்டவில்லை. வேறொருவரைக் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு வேலை நிரந்தரமான பிறகும் நான் வாய் திறக்கவில்லை. முதலில் பயம், பிறகு வெறும் கள்ளத்தனம். உமக்குப் பிள்ளைகள், ஸ்ரௌவ்வில் நகரில் வீடு, பிறகு படுக்கையில் விழுத்திய வருத்தம் என்று காலம் போயிற்று. அந்த மலையைப் பார்க்காமலே போன மாசியில் போய்விட்டீர்.

முப்பத்தோராம் நாள் சடங்குச் சாப்பாட்டில் உம்முடைய கணவர் வந்தவர்களுக்குச் சொன்னார்: "படிச்ச மனுசி, எரிமலையைத் துணியால துடைச்சவ." எல்லோரும் சிரித்தார்கள். வெட்கம்கெட்ட நானும் சிரித்தேன்.

நேற்று அந்தக் கல்லைப் பார்த்த பிறகு பொறுக்க முடியவில்லை. ஸ்ரௌவ்விலுக்குக் காரை விட்டேன். "அண்ணை, அதைத் துடைச்சது நான்" என்று வாசலில் நின்றே சொன்னேன்.

"எத்தினை வருசமா அதைச் சொல்லி அவவைப் பகிடி பண்ணினனான், தங்கச்சி," என்றார் அவர். "ஒருநாளும் தான் இல்லையெண்டு சொல்லேல்லையே."

மன்னிப்புக் கேட்கப் போனவள் அந்த மனிதரை அழவைத்துவிட்டு வந்தேன். அந்தக் கதையை அவர் இனிச் சொல்லமாட்டார். துடைத்தது நான்தான் என்று இனி நான் சொல்வேன். கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும், உமக்குக் கிடைத்த சிரிப்பு எனக்குக் கிடைக்கும்வரை சொல்வேன்.