ஓடைக்கல்புதூரில் சாக்கடை வற்றிய வாரம்

திங்கள், காலை 7.30
ஓடைக்கல்புதூர் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். பதிவு: பூங்கொடி, வேதியியலர். ஊரிலிருந்து வரும் கழிவுநீர், அதாவது உள்வரத்து, வழக்கம்போல. தொட்டியில் கழிவைத் தின்னும் புதிய நுண்ணுயிர்கள் கொழுத்துக் கிடக்கின்றன. சுத்தமான நீரைப் போன வாரம் முதல் ஊர்க் குடிநீர்த் தொட்டிக்கே அனுப்புகிறோம். கண்ணாடி மாதிரி தண்ணீர். எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். மழையில் ஊருக்குப் போகும் தரைப்பாலம் மூழ்கிவிட்டது. மாற்று ஆள் வர வழியில்லை. குடிக்கக் கேன் தண்ணீர் இருக்கிறது.

செவ்வாய், காலை 8.00
விடிந்ததும் ஊரே குளித்து, கக்கூஸ் போய், பாத்திரம் கழுவும். அந்த வெள்ளம் இங்கே வந்தாக வேண்டும். இன்று பாதிகூட வரவில்லை. அடைப்பு என்று நினைத்து என் கணவர் தங்கராசுவுக்குப் போன் செய்தேன்.
"அடைப்பெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு. எல்லாரும் நல்லாத்தான் இருக்கறோம். பசிதான் இல்ல."
இட்லி ஒன்று குறைந்தாலே முகத்தைத் தூக்கிக்கொள்கிற மனிதர்.

புதன், காலை 8.15
உள்வரத்து ஏறக்குறைய இல்லை. யாருக்குப் போன் போட்டாலும் எடுக்கிறார்கள், நலம் என்கிறார்கள். ஒரு ஊரே சாப்பிடவில்லை, குளிக்கவில்லை, கழிக்கவில்லை.
தொட்டி நீரை நுண்ணோக்கியில் பார்த்தேன். கழிவே வராமல் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. தீனி இல்லாமலே வாழும் என்று விற்றவர்கள் பெருமையடித்தார்களே! சுத்திகரித்த நீரிலும் அவை இருக்கின்றன. அதைத்தான் ஊர் குடித்தது. பம்பை நிறுத்திவிட்டேன். ஊர்த் தொட்டியில் ஏற்கெனவே ஏறியதை என்ன செய்ய?
எங்கள் தெருவிலிருந்து வரும் சாக்கடைக் குழாயில் மட்டும் சின்ன ஓட்டம். ஒரு ஆள் குளித்தால் வருமளவு. என் மகள் இனியா! சளி என்பதால் அவளுக்குச் சுடவைத்த தண்ணீர்தான் கொடுத்துவந்தோம்.

புதன், பகல் 1.00
"அம்மா, அப்பா அடுப்பே பத்தவெக்க மாட்டேங்கறாரு. எனக்குப் பசிக்குது."
சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். குழாய்த் தண்ணீரைத் தொடாதே, வாசலில் பக்கெட் வைத்து மழைத்தண்ணீர் பிடி, பிஸ்கட் தின்னு என்றேன்.

வியாழன், காலை 7.10
ஓட்டம் இருக்கிறது. என் பிள்ளை கக்கூஸ் போயிருக்கிறாள். இதற்காகச் சாமி கும்பிட்ட தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வியாழன், மாலை 4.40
மழை விட்டுவிட்டது. விட்டிருக்கக் கூடாது.
"அம்மா, பக்கெட்ட அப்பா கொட்டிட்டாரு. தாகமா இருந்துச்சு. கொழாயிலதான் குடிச்சேன். நீ செஞ்ச தண்ணிதானேம்மா?"

வெள்ளி, காலை 7.10
பூஜ்யம்.
பாலம் தெரிகிறது. ஊர் நடந்து வருகிறது. யாருக்கும் அவசரமில்லை. முன்னால் தங்கராசு, தோளில் இனியா. கேட்டைப் பூட்டிவிட்டேன். இந்தப் பதிவை எடுப்பவர்களே, இந்தத் தண்ணீரைக் குடிக்காதீர்கள். ஆற்றில் கலக்க விடாதீர்கள். பயமாக இருக்கிறது. பசிக்கிறது. பசிப்பது எவ்வளவு நல்லது.
கேட்டுக்கு வெளியே இனியா பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறாள்.
"தொறம்மா. ஒரு வாய் குடிச்சாப் பயமே போயிரும்."
அவளுக்கு மூக்கு ஒழுகவில்லை. நான் இல்லாமல் யாரோ தலை பின்னிவிட்டிருக்கிறார்கள், கோணலாக. என் பிள்ளைதானே. சாவி கையில்

வெள்ளி, காலை 9.00
உள்வரத்து: பூஜ்யம். பம்பு ஓடுகிறது. ஆற்று மதகு திறந்திருக்கிறது. கீழ்க்கரை ஊர்களுக்கு மதியத்துக்குள் தண்ணீர் போய்விடும். எல்லாரும் நலம். பசியில்லை.