நான் சொன்னது படத்தைப் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், என் முழங்கால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சு கேட்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தி வாண்டும் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று இப்போதுதான் தெரிந்தது, போன வாரம் வரை அது தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. போனிலேயே பேசிவிடலாமே, எதற்குத் தாளும் பேனாவும் என்று உன் அம்மா கேட்டாள். போனில் பேசி நான் பட்டது போதும், பேச்சு போகிற வழியில் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்கிறது, தாளில் போடு, சந்தேகம் வந்தால் அவள் திரும்பப் படித்துக்கொள்ளட்டும் என்றேன்.

புது கேமரா வாங்கி முதலில் அனுப்பினாயே ஒரு படம், அது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. வெள்ளைக் கவுன், முழங்கால் மேல் இரண்டு கை, தண்ணீர் தொட்டுப் படிய வாரிய தலை, பல் டாக்டரிடம் காட்டுகிற மாதிரி ஒரு சிரிப்பு. நீ நின்றுகொண்டு மேலேயிருந்து எடுத்ததில் தலை பூசணிக்காயாகவும் கால் குச்சியாகவும் தெரிந்தது, பின்னாலிருந்த விளக்குக் கம்பம் உச்சந்தலையில் முளைத்திருந்தது. அதைப் பார்த்துத்தான் நான், என்ன பாப்பா இது, நம்ம பிள்ளை மாதிரியே இல்லையே, யார் வீட்டுப் பிள்ளையையோ கொண்டுவந்து உக்கார வெச்ச மாதிரி இருக்கே என்று போனில் பேசிப் பதிந்து அனுப்பினேன். அனுப்பிவிட்டுச் சிரித்துக்கொண்டே கடைக்கும் போய்விட்டேன். அதற்கப்புறம் உன்னிடமிருந்து ஒரு படம் இல்லை, வீடியோவிலும் வாண்டு தூங்குகிறாள், வாண்டு வெளியே போயிருக்கிறாள் என்றே சொன்னாய். பிள்ளைக்கு ஏதோ உடம்புக்கு, நம்மிடம் மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். காய்ச்சலாக இருக்கும், இல்லை எங்காவது விழுந்து பல் உடைத்திருப்பாள், இப்படி நானே ஒவ்வொன்றாகக் கற்பனை செய்துகொண்டு கிடந்தேன். உன் தம்பி, அப்பா நீங்க சும்மா இருங்க, அவளுக்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி என்றான். அவன் எதற்குத்தான் பதறினான்.

கடைசியில் உன் அம்மா உன்னைக் கேட்டே விட்டாள். நீ அவளிடம், அப்பாவுக்கு அவ நம்ம பிள்ளையா தெரியலையாம், யார் வீட்டுப் பிள்ளையோவாம், அப்புறம் எதுக்கும்மா படம் அனுப்பணும் என்று அழுதாயாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் சலூன் வாசலை மிதிக்காதவள் அன்றைக்கு விறுவிறுவென்று உள்ளே வந்து நின்றாள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் பாதி முகத்தில் நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார், அவர் இருப்பதையும் பார்க்காமல், தத்தெடுத்த பிள்ளையைப் பத்திப் பேசற பேச்சா அது, உங்க நாக்கையும் அந்தக் கத்தியாலயே செரச்சிருக்கலாம் என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை பாப்பா. தத்தெடுத்த பிள்ளை யார் என்று கேட்டேன். நிஜமாகவே கேட்டேன். நம்ம வாண்டுதான், வேற யாரு என்றாள். என் ஞாபகம் உனக்குத் தெரியும், நீ முதன்முதலில் முடி வெட்டிக்கொண்டபோது எந்தக் காதுப் பக்கம் கூசி நெளிந்தாய் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்ட எனக்கு அது மட்டும் ஞாபகத்தில் இல்லை. நீங்கள் இருவரும் போய் அவளைத் தூக்கி வந்தது, அவள் உன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எங்கள் யாரையும் பார்க்க மாட்டேன் என்றது எல்லாம் ஞாபகம் இருக்கிறது. தத்து என்கிற அந்த வார்த்தைதான் எங்கேயோ விழுந்துவிட்டது, நான் தேடவும் இல்லை.

அதற்கப்புறம் கடையிலிருந்தே உன்னைக் கூப்பிட்டதும், நான் சொன்னது படத்தைப் பற்றி, படத்தைப் பற்றி என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தியதும் உனக்குத் தெரியும். நீ அழுது, சிரித்து, மறுபடி அழுதபோது இங்கே நானும் மூக்கை உறிஞ்சினேன். வாத்தியார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அண்ணே, முதல்ல என் இன்னொரு கன்னத்தை முடிச்சுடுங்க, அப்புறம் குடும்பத்தோட உக்காந்து அழுங்க என்றார். அன்று ராத்திரி நான் தூங்கிய தூக்கத்தை உன் அம்மாவிடம் கேள். (நான் அம்மா எழுதுகிறேன், குறட்டையில் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிட்டது.)

இப்போது நேற்று வந்த மூன்று படங்களுக்கு வருகிறேன். மறைக்காம சொல்லுங்கப்பா, எப்படி எடுத்தா நல்லா வரும் என்று கேட்டிருக்கிறாய், அதனால் சொல்கிறேன், இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லையும் உன் அம்மா சோதித்துத்தான் எழுதுகிறாள். ஜன்னல் பக்கத்தில் உட்கார வைத்து எடுத்தது நன்றாக இருக்கிறது, வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுந்து மூக்கு மூக்காகத் தெரிகிறது, முன்னே அந்த பிளாஷ் அடித்து முகத்தைச் சுண்ணாம்புச் சுவராக்கியிருந்தாய். ஆனால் விரல் நுனிகள் படத்துக்கு வெளியே போய்விட்டன. கையை விடுவதானால் முழுக்க விட்டுவிடு, இல்லை முழுக்கக் காட்டு. இரண்டாவதில் கண்ணை இடுக்கிக்கொண்டு நிற்கிறாள், அதற்கு உன்னைச் சொல்லிக் குற்றமில்லை, வெயிலைப் பார்த்து நிற்க வை என்று யோசனை சொன்னவன் நான். மாப்பிள்ளை அப்போதே வேண்டாம் என்றாராம், அவர் சொன்னதுதான் சரி, நிழலில் நிறுத்து. அப்புறம் நீ தரையில் உட்கார், அவள் கண்ணும் உன் கேமராவும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். சிரி சிரி என்று சொல்லாதே, கடையில் ஆடாதே என்று சொன்ன பிள்ளைதான் அதிகம் ஆடும். நான் அவர்களிடம் உங்க வீட்ல யாருக்குக் கோபம் ஜாஸ்தி என்று கேட்பேன், சொல்கிற மும்முரத்தில் தலை தானாக நிற்கும். நீயும் ஏதாவது கேட்டுவிட்டுக் காத்திரு.

மூன்றாவதை அழிக்கப்போவதாகச் சொன்னாயே, அழித்துவிடாதே. ஒரு காலில் மட்டும் ஷூ, தாடையில் ஜாம், யாரையோ அதட்டுகிற வாய். கொஞ்சம் ஆடித்தான் போயிருக்கிறது, அடுத்த முறை முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள். ஆனால் பொய் சொல்லும்போது இடது புருவத்தை ஏற்றுவாளே, அது அந்தப் படத்தில்தான் இருக்கிறது. வாத்தியாருக்குக் காட்டினேன், இது உங்க வீட்டுப் பிள்ளைதான், உங்களை மாதிரியே அதட்டுது என்றார். அதைப் பெரிதாகப் போட்டுக் கடைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லியிருக்கிறேன்.

உன் தம்பி புது வேலைக்குப் போகிறான், காலையில் எழுகிறான், அதுவே பெரிய செய்தி. அடுக்களைக் குழாய் ஒழுகுவது நின்றது. உன் அம்மாவின் கண்ணுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், நான் சொன்னால் கேட்க மாட்டாள், நீ சொல். மனதில் ஏதாவது தைத்தால் அன்றைக்கே சொல்லிவிடு பாப்பா, சண்டை போட்டாலும் பரவாயில்லை, இப்படி வாயை மூடிக்கொள்ளாதே.

ஒரு குறை பாக்கி இருக்கிறது. இத்தனை படத்தில் ஒன்றிலும் நீ இல்லை. கேமராவை மாப்பிள்ளை கையில் கொடு, வாண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளையே பார், கேமராவைப் பார்க்காதே. மறக்காமல் அனுப்பு. மூவரும் நோய்நொடி இல்லாமல், சிரிப்பும் சண்டையுமாக நீண்ட நாள் வாழ வேண்டும் என்று இரண்டு பேரும் வாழ்த்துகிறோம். அடியில் என்ன போடுவது என்று உன் அம்மா கேட்கிறாள். பாப்பாவின் அப்பா என்று போடட்டுமா என்கிறாள். முதலில் வாண்டு, அதற்குக் கீழே இடம் இருந்தால் நீ என்று சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
வாண்டின் தாத்தா (கைநாட்டு),
உன் அப்பாவும் நான்தான்.